மண்ணில் இல்லாத உப்பு

கண்ணு,

இதைத் தபாலில் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆர்.எஸ்.புரத்து அறையிலிருந்து கொண்டுவந்து வைத்தாயே, அந்தப் பெட்டியில் கல்யாண வேட்டிக்கு அடியில் வைக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வேட்டியை எடுக்கும்போது கையில் படும். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையாவது ஆரம்பித்தால் “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா” என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாய். காகிதம் உன் பின்னால் வராது, ஆனாலும் நீ திரும்பி வரும்வரை அங்கேயே கிடக்கும். உங்கப்பாவிடம் மட்டும் சொன்னேன். “எழுதறதுன்னா எழுதிக்க. கண்ணாலத்தப்ப எதுக்கு?” என்றார். ஏன் கல்யாணத்தப்ப என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ முதலிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிற ஆள். இந்தத் தடவை வரிசையாகப் படி.

கோயமுத்தூரில் மில் ஆபீசில் வேலை பார்த்தவர் மகளாக இருந்ததால்தான் எனக்கு நாலு எழுத்து வந்தது. அந்த எழுத்துக்கு இந்த ஊரில் ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது, தொண்டாமுத்தூரைத் தாண்டி நம் ஊர் எல்லையில் வண்டி நின்றதும், வீட்டுக்குள் போவதற்கு முன்னால் அம்மன் கோயிலுக்குத்தான் கூட்டிப் போனார்கள். அங்கே உன் அப்பத்தா ஒரு மண்சட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே ஊறவைத்த புளியும் கல்லுப்பும் இருந்தன. கோயில் பொறுப்பு நம் வீட்டுக்கு. பங்குனித் திருவிழா நோம்பிக்கு முன்னால் அம்மனைத் தேய்த்துத் துலக்குகிற உரிமை நம் வீட்டு மூத்த மருமகளுக்கு. அதைத்தான் சட்டியோடு எனக்குக் கொடுத்தார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சேலை முந்தானையில் புளித்தண்ணீர் சிந்தாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அம்மன் முழங்கை உயரச் செம்புச் சிலை. சென்னியப்பன் மாமாவின் அப்பாரு காலத்தில் அவர்கள் வெள்ளாமைக் காட்டில் கிணறு வெட்டும்போது கிடைத்தது. பங்குனியில் நோம்பி தொடங்குகிற பூச்சாட்டுக்கு முந்தின நாள் காலையில் குளித்து ஈரத்துணியோடு போய், புளியையும் உப்பையும் நசுக்கி மேலெல்லாம் அப்பி, கொஞ்சம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும் அலசக் கூடாது. அலசினால் அம்மன் மேலிருந்த பாக்கியம் தண்ணீரோடு போய்விடும் என்று கணக்கு. ஈரத்துணியால் ஒரு தடவை ஒற்றிவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே மஞ்சள் சாத்துவோம். அம்மன் அப்போது மின்னுகிற மினுமினுப்பு இருக்கிறதே, பார்த்தவர்கள் எல்லோரும் “தங்கமாட்ட இருக்குதுங்” என்பார்கள். அன்றைக்கு மட்டும் இந்த ஊரில் யாரும் என்னை டவுன்காரி என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நாளுக்காக மீதி நாட்களைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

அப்புறம் ஆடி வரும். மலையிலிருந்து சாரல் இறங்கும். கோயிலுக்குள் சுவரெல்லாம் நமுத்துப் போகும். அம்மனின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் பிடரியிலும் வெளிர் பச்சையாகப் பொடி பூக்கும். உங்கப்பா தினம் போய்ப் பார்ப்பார். பூத்த அன்றைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், “பச்சை பூத்திருச்சுங்க” என்று சொல்லிவிட்டு வருவார். பச்சை பூத்தால் மழைக்கும் வெள்ளாமைக்கும் குறைவில்லை. பொடியை வழித்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள், விதைச் சோளத்தில் ஒரு சிட்டிகை கலப்பார்கள். எந்த வருசம் எவ்வளவு பூக்கிறதோ, அடுத்த பங்குனியில் எனக்கு அவ்வளவு புளியும் உப்பும் வந்து சேரும். ஊரார் வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் யாரும் சந்தேகப்பட்டதில்லை. நீயும் சின்ன வயசில் நெற்றி நிறையப் பச்சை பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்தான். காலேஜில் ரசாயனப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்து, குழாயும் கண்ணாடியும் கையாண்டபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லை. பட்டணத்தில் பழைய விக்கிரகங்களையும் காசுகளையும் ஆராய்ந்து பாதுகாக்கச் சில வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள், காலேஜ் லீவில் போய்வருகிறேன் என்று நீ வந்து சொன்னபோது உங்கப்பா கேட்டது ஞாபகமிருக்கிறதா? “மனுசனுக்கு வைத்தியம் பாக்க வருசக்கணக்காப் படிக்கறாங்க. சாமிக்கு வைத்தியம் பாக்கறதுக்குச் சில வாரம் போதுமாக்கும்?” நீ பெட்டி கட்டினாய்.

போனவன் திரும்பி வந்ததும் எனக்குப் பயமாகப் போய்விட்டது. எதைப் பார்த்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாய். தோசைக்கல்லை அப்படிப் பார்த்தாய். மாட்டுக் கழுத்து மணியை அப்படிப் பார்த்தாய். கேட்டதற்கு, பயிற்சியில் முதல் சில நாள் எதையும் தொடவே விடவில்லை, ஆளுக்கொரு பழைய சாமானை முன்னால் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள் என்றாய். பார்த்ததைச் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது. ‘பழைய விளக்கு’ என்று ஒருத்தர் சொன்னாராம். விளக்கு என்று உமக்கு எப்படித் தெரியும், குழிவாக ஒன்று இருக்கிறது, ஓரத்தில் கரி இருக்கிறது, அவ்வளவுதானே நீர் பார்த்தது என்று வாத்தியார் திருப்பிக் கேட்டாராம். அதை நீ சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. பவானி ஊருக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் ஜமக்காளத்தில் உட்காராமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். தெய்வானை காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் கையில் ஏதாவது கோளாறா என்று அவள் பெரியம்மா என் காதில் கேட்டார். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

போன பங்குனியில் நடந்ததுக்கு வருகிறேன். வழக்கம்போல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தித் தேய்க்கக்கூட இல்லை. அம்மனின் இடது கை, பூப் பிடித்திருக்குமே அது, மணிக்கட்டோடு கழன்று என் உள்ளங்கையில் வந்து நின்றது. உடைந்த இடத்தில் உள்ளே செம்பு நிறம் கொஞ்சமும் இல்லை. பச்சையும் சிவப்புமாக மண் மாதிரி உதிர்ந்தது. நான் கத்தவில்லை. கழன்ற கையை முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியைத் தேய்த்து முடித்து, மஞ்சள் சாத்திவிட்டுத்தான் வெளியே வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். அப்படிச் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த நோம்பி எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும். பெண்கள் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள், மரியாதைக்காக இல்லை. நோம்பி முடிந்ததும் ஊர் கூடியது. உடைந்த சாமியை வைத்துக் கும்பிடக் கூடாது, பவானி கூடுதுறையில் விட்டுவிட்டுப் புதுசு வார்த்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பின்னால் எந்தப் பெண்ணோ, யார் என்று எனக்குத் தெரியும், பேர் வேண்டாம், நன்றாகக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “தேய்க்கற கை சுத்தமா இருந்தா சாமி கை ஏனுங்க உழுகுது?” நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ எழுந்தாய். சாமியை ஆற்றில் விட வேண்டாம், அடுத்த நோம்பி வரைக்கும் என்னிடம் கொடுங்கள், இதற்கென்றே பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன் என்றாய். பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார். “கை உழுந்தது எதுனால? மொதல்ல அதச் சொல்லு தம்பி.”

நீ என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம்தான் பார்த்தாய். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, “மண்ணுல இருந்த உப்புங்க. பூமிக்குள்ள கெடந்த காலத்துல ஏறுன உப்பு, உள்ளுக்குள்ளயே அரிச்சுப்போட்டுதுங்க” என்றாய். கூட்டம் பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். பழி என் கையைவிட்டு மண்ணுக்குப் போனது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மறுநாளே அந்தப் பெண் மோர் கேட்டு வீட்டுக்கு வந்தாள். உறை ஊற்றவும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

அம்மனைப் புதுத்துணியில் சுற்றி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். விதை வைக்கிற அறையைக் கழுவிவிட்டு, பெரிய பீங்கான் தொட்டியில் அம்மனை உட்காரவைத்தாய். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்த தண்ணீர்தான் வேண்டும் என்று காலேஜிலிருந்து பெரிய பெரிய கண்ணாடி சீசாக்களில், வைக்கோல் சுற்றி, பஸ்ஸிலும் வண்டியிலும் கொண்டுவந்தாய். ஒரு தடவை தென்னந்தோப்புக்குள் யானை புகுந்து பாதையை மறித்ததால் பொழுது சாயும்வரை வண்டியில் சீசாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். யானை தாகத்துக்குத்தான் வந்திருக்கும், ஒரு வாய் கொடுத்திருக்கலாமே என்றேன். நீ சிரிக்கவில்லை. அவ்வளவு கவலை உனக்கு.

வாரம் முழுக்க நீ டவுனில் இருப்பதால் தண்ணீர் மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. சோதித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாய். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, வெள்ளியைக் கரைத்துச் செய்த மருந்தில் ஒரு சொட்டு விட வேண்டும். உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். முதல் நாள் பால் மாதிரி ஆயிற்று. மாற்ற மாற்றக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அந்த மருந்து விரலில் பட்டால் கருப்பாகிவிடும் என்று நீ சொல்ல மறந்துவிட்டாய். சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகவில்லை. “தோலு உரிஞ்சாத்தானுங்கம்மா போகும்” என்று அப்புறம் சொன்னாய். சோறு பிசையும்போது கருப்பு விரலைப் பார்த்து உங்கப்பா முகம் சுளிப்பார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் மை பட்ட விரலோடு வீட்டுக்கு வந்த ஞாபகம்.

இதற்கு நடுவில் சென்னியப்பன் மாமாவை ஊர் படுத்திய பாட்டை நீ பாதிதான் பார்த்தாய். அவர் காட்டு மண்ணில் உப்பு என்று நீ சொன்னது நேராக அவர் தலையில் விடிந்தது. “மாமனூட்டுல ரசத்துக்கு உப்பே போட வேண்டாமாமா” என்று பொடிசுகள்கூடச் சொல்ல ஆரம்பித்தன. அவர் தன் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குடித்துப் பார்க்கச் சொன்னார். ஆனி மாசம் ஒரு நாள் நம் வீட்டுக்கும் வந்தார். குடித்தேன். நம் கிணற்றைவிட இனிப்பு. “சொல்லுங்க அம்மணி, இதுல உப்புக் கரிக்குதுங்ளா? எம்பட காடு தென்னை வெச்சாத் தென்னை, வாழை வெச்சா வாழை. உவர்க்காடா இருந்தா வெளையுமுங்ளா?” என்று கேட்டார். எனக்கு அது வரைக்கும் அந்த யோசனையே வரவில்லை. வேண்டாம் என்று வைத்திருந்தேனோ என்னவோ. அந்தக் கிணற்றங்கரை மண் ஒரு கை வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “உங்க பையன் அப்பவே ஒரு பொட்டலம் அள்ளீட்டுப் போயிட்டானுங்களே. பாத்துட்டுச் சொல்றேன்னான். இன்னும் ஒண்ணும் சொல்லக் காணமுங்க.”

மண் வந்தது. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சீசாத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளியவிட்டு, குழாயில் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தால் ஏதோ புகை மாதிரி. அவ்வளவுதான். அப்புறம் பரணிலிருந்து புளிச்சட்டியை எடுத்தேன். காய்ந்துதான் கிடந்தது. அதையும் அதே தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு விட்டேன். தயிர் மாதிரித் திரிந்து அடியில் தங்கியது. எத்தனையோ மருமகள்களின் உப்பு அந்தச் சட்டி மண்ணுக்குள் ஊறியிருந்தது. அலசாமல் விட்டதெல்லாம் அம்மனுக்குள்ளும் அப்படித்தான் ஊறியிருக்கும், ஆடிக்கு ஆடி பச்சையாகப் பூத்ததும் அந்த அரிப்புத்தான். குழாயைக் கழுவி வைத்துவிட்டுப் போய் உலை வைத்தேன். உங்கப்பா காட்டிலிருந்து வருகிற நேரம் ஆகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. தங்கமாட்ட இருக்குது என்று சொன்ன எல்லோர் முகமும் வந்து போயிற்று. அதைவிட உன் மேல்தான் அதிகம் பாசம் வந்தது. கூட்டத்தில் நீ சொன்னது வாய்க்கு வந்த சமாதானமாக இருக்கலாம். அப்புறம் அது உண்மையாக இருந்துவிடாதா என்று நீயே மண்ணை அள்ளிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாய். இல்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாய். எனக்காகத்தான். என் விரலில் கருப்பு புதுசாக ஏறியிருந்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்தாய். தொட்டித் தண்ணீர் அதற்குள் தெளிந்துவிட்டது, சோதிக்க வேண்டிய அவசியமில்லை என்பது உனக்கும் தெரியும். இருவரும் பருப்புக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு சாப்பிட்டோம்.

உனக்கு உனக்காகப் பொய் சொல்ல வராது. அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்றால் மட்டும் சரளமாக வரும். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உங்கப்பா கம்போடியாப் பருத்தி போட்டது ஞாபகமிருக்கும். ஒறம்பரை சொந்தபந்தம் வீட்டுக் கல்யாணம், பஞ்சாயத்து என்று அலைந்துவிட்டுப் பட்டம் தவறி விதைத்தார். காய் பிடிக்கவில்லை. மனுசர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “வெதை சரியில்லீங்கப்பா” என்றாய். அவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருசம் விதைக்காரரை மாற்றினார், பட்டத்தை மாற்றவில்லை. மறுபடியும் அதே கதை. அவருக்கு அன்றைக்கு ஆறுதல் வேண்டியிருந்தது, நீ கொடுத்தாய். அந்த ஆறுதல்தான் இன்னொரு வருசப் பருத்தியையும் வாங்கிக்கொண்டது. உங்கப்பா இதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டார். சாமி விசயத்தைச் சொன்னபோதும், “உட்டுப்போடு அம்மணி. எவனுங் கேக்கல. நீயா எதுக்குத் தலையக் குடுக்கற?” என்றுதான் சொன்னார்.

ஆடி வந்தது. தொட்டியை விட்டு எடுத்து, உலர்த்தி, நீ உட்காரவைத்த இடத்தில் அம்மன் பச்சை பூக்காமல் இருந்தாள். உங்கப்பா தினம் வந்து பார்த்துவிட்டுப் போனார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மழை வந்தது. வழக்கமாக வருகிற மாதிரி வந்தது. வாய்க்கால் நிரம்பியது, சோளம் விளைந்தது. இதைப் பற்றி ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வந்த மழையை யார் விசாரிப்பார்கள்?

கார்த்திகையில் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் இடது கையை அரக்கு வைத்து ஒட்டினாய். கெட்டியாக ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாமே என்று உங்கப்பா கேட்டார். சூடு காட்டினால் கழன்றுவிடுகிற மாதிரிதான் ஒட்ட வேண்டும், எனக்குப் பின்னால் வருகிறவர் இதைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவராக இருக்கலாம், அவருக்கு வழி விட வேண்டும் என்றாய். அன்றைக்கு நீ வெளியே போனதும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்தேன். இத்தனை வருசம் தொட்டிருக்கிறேனே தவிர இப்படிப் பார்த்ததில்லை. நான் வந்த புதிதில் அம்மனுக்குக் கண்ணிமைக்கு மேல் மெல்லிசாக ஒரு கோடு இருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒரு வளைவு இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. வழவழவென்று இருக்கிறது. அந்த வளைவை உன்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

நான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. உன் அப்பத்தா செய்ததை நான் செய்தேன், அவருடைய மாமியார் செய்ததை அவர் செய்தார். பக்தியில் குறை வைக்கவில்லை. ஆனால் பக்தியோடு போட்டாலும் உப்பு உப்பு வேலையைத்தான் பார்க்கும். அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தானே அடுத்த கை நிற்கும். மண்ணில் உப்பு, தம்பி எடுத்துவிட்டான், சாமிக்குக் குணமாகிவிட்டது என்று இப்போது ஊர் நிம்மதியாக இருக்கிறது. குணமான சாமியைத் துலக்குவதற்கு என்ன தடை? வீட்டுக்கு ஒரு பிடி உப்பு இந்தப் பங்குனிக்கும் வரும். போன வாரமே ஒருத்தி, இந்த வருசம் புது மருமகள் கை, நல்லாத் தேய்க்கட்டும், புளி எங்க தோட்டத்துப் புளி தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மோர் வாங்கிப் போனவளேதான்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். தாலி கட்டி முடித்ததும் உங்கள் இருவரையும் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். ஊர்ப் பெரியவர் இருப்பார், சென்னியப்பன் மாமா செம்போடு வந்தாலும் வருவார், பவானி ஒறம்பரை எல்லாம் இருக்கும். நான் தெய்வானையின் கையில் சட்டியைக் கொடுக்க வேண்டும். சட்டி கொடுக்க மாட்டேன். நன்றாக வெளுத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். அதைத்தான் கொடுப்பேன். தூசி தட்டவும் துடைக்கவும் அது போதும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கொடுத்ததும் கூட்டத்தில் சலசலப்பு வரும். அவள் பெரியம்மாவுக்கு முகம் சுருங்கும். எங்கள் பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாதா என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். மாமியார்க்காரி சட்டியை விட மனசில்லாமல் வைத்துக்கொண்டாள் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த இடத்தில் எடுபடாது. பெரியவர் உன் பக்கம்தான் திரும்புவார். இது ஏன் என்று உன்னைத்தான் கேட்பார்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது சொல். மண்ணைப் பார்த்தேன், அதில் இல்லை என்று சொல். சட்டியைப் பார்த்தாயோ இல்லையோ, நான் பார்த்தேன், என் பேரைச் சொல்லியே சொல். ஒரு நாலு மாசம் என் பக்கத்தில் இடம் விட்டு உட்காருவார்கள். எனக்குப் பழகிவிட்டது, காற்றும் நன்றாக வரும். சென்னியப்பன் மாமா செம்பைக் கீழே வைப்பார். தெய்வானைக்கு ஒரு பெருமை குறையும், முதல் நாளே குறைகிறதே என்று அவளுக்கு வருத்தமாக இருக்கும். ராத்திரிக்குள் நீ அவளுக்குப் புரியவைத்துவிடு, குழாயையும் மருந்தையும் காட்டு, அவளே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கட்டும். விரல் கருக்கும் என்பதை மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடு. ஊர் முன்னால் உப்பைச் சொல்லாமல் விட்டால், என்றைக்காவது ஒரு பங்குனியில் அம்மனின் வலது கை அவள் உள்ளங்கையில் வந்து நிற்கும். அன்றைக்கு அவள் பிள்ளை எழுந்து நின்று மண்ணைச் சொல்வான். உன் பிள்ளையாயிற்றே.

பார்த்ததைச் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். உனக்கு அது கஷ்டமான வேலை இல்லை. ஒன்றே ஒன்றுதான் உன்னைக் கெடுக்கும். அதனால் பெரியவர் கேட்கும்போது அவரைப் பார், அம்மனைப் பார், தெய்வானையைப் பார். என் முகத்தை மட்டும் பார்க்காதே, கண்ணு. பார்த்தால் மறுபடியும் மண் என்று சொல்லிவிடுவாய்.

வேட்டியை மடிப்புக் கலையாமல் எடு.

அம்மா